ஏற்றம் இல்லாத ஊரில் ஒரு லொறி

வன்னியில் ஏறுவதற்கு ஒன்றும் கிடையாது. மாங்குளத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் வீதி பாய் விரித்ததுபோலத்தான் கிடக்கும். ஒரு பக்கம் ஓமந்தை, ஒரு பக்கம் முல்லைத்தீவு, இடையில் காடும் வயலும் குளங்களும். லொறி மூச்சு வாங்க வேண்டிய இடம் என்று எதையும் காட்ட முடியாது. அதனால்தான், சிறுபோக நெல் ஏற்றி முடிந்த ஒரு காலையில் என் கணவர் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே, "லொறிக்கு இழுவை காணாது. எஞ்சின்ர கேமை மாத்துவமோ?" என்று கேட்டபோது எனக்கு எங்கோ இடறியது.

"என்னத்தை இழுக்க?" என்று கேட்டேன்.

"லோட்டைத்தான். வேறென்ன?"

"இவ்வளவு காலமும் இழுத்ததுதானே."

"எஞ்சின் களைச்சுப் போச்சு. உமக்குத் தெரியாததே?"

எஞ்சின் களைத்துத்தான் இருந்தது, அதில் பொய் இல்லை. ஆனால் அவர் என் முகத்தைப் பார்க்காமல், வெறுங்கோப்பையை வாயில் வைத்து இன்னொரு தரம் உறிஞ்சினார். இந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. அரைகுறையாகச் சொல்ல மட்டும் வரும். அரைகுறைதான் எனக்கு ஆகாது.

எங்கள் வீட்டில் லொறி ஓட்டுவது அவர், திருத்துவது நான். எங்கே பழகினாய் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் வாகனம் திருத்துகிற இடம் ஒன்றில் நின்று பழகினேன். எந்தக் காலம், எந்த இடம் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு நான் பதில் சொல்வதில்லை. கேட்கிறவர் ஏன் கேட்கிறார் என்பதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டும்.

சந்தேகம் என் பிறவிக் குணமல்ல, சேர்ந்த குணம். பூட்டு வாங்கினால் இரண்டு சாவி தருவார்கள் அல்லவா? ஒன்று பாவிப்பதற்கு, மற்றது என்னிடம். லொறியின் மற்றச் சாவி, அலுமாரியின் மற்றச் சாவி, அவர் உடுப்புப் பெட்டியின் மற்றச் சாவி என்று எல்லாம் ஓர் இரும்பு வளையத்தில் கோத்து என் சட்டைப் பொக்கற்றில் கிடக்கும். நான் நடந்தால் கிலுங்கும். "மணி கட்டின மாடு வருது" என்று அவர் பகிடி பண்ணுவார். பண்ணட்டும். சாவி என்னிடம் இருக்கும் மட்டும் எனக்கு நித்திரை வரும்.

லொறிக்கு வலு ஏற்றுகிறவர்கள் இந்தப் பக்கத்தில் யார் என்று ஊருக்கே தெரியும். காட்டுப் பாதையால் கள்ளமாக முதிரை மரம் இறக்குகிறவர்கள், ஆற்றுக்குள் இறங்கி மண் ஏற்றுகிறவர்கள். அவர்களுக்குத்தான் இழுவை வேண்டும். பிடிபட்டால் ஆளுக்குப் பிணை கிடைக்கும், லொறிக்குக் கிடைக்காது. பொலிஸ் நிலையத்து வேலிக்குள் மழையில் ஊறி, சில்லைச் சுற்றிப் புல் முளைத்து நிற்கும் லொறிகளை நான் போக வரப் பார்க்கிறவள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வயல் இல்லை. வீடும் இந்த லொறியும்தான். லொறி போனால் நாங்கள் இரண்டு பேரும் முற்றத்தில் குந்தியிருந்து காகத்தை எண்ண வேண்டியதுதான். எனவே கேம் மாற்றச் சம்மதித்தேன். சம்மதித்தால்தானே பக்கத்தில் நின்று பார்க்கலாம்!

பாவித்த ஜப்பான் சாமான் விற்கும் கடை ஒன்றுக்கு, வவுனியா வீதியால் இரண்டு பேரும் போனோம். கேம் என்பது எஞ்சினுக்குள் சுற்றும் ஒரு நீண்ட தண்டு. அதில் முட்டை வடிவில் புடைப்புகள் இருக்கும். ஒவ்வொரு புடைப்பும் சுற்றி வரும்போது ஒரு வால்வைத் திறந்து மூடும். காற்று எப்போது உள்ளே வரலாம், புகை எப்போது வெளியே போகலாம் என்று தீர்மானிப்பது அதுதான். புடைப்பின் உருவம் மாறினால் எஞ்சினின் குணமே மாறும். எங்கள் எஞ்சினுக்குப் பொருந்தக்கூடியவை இரண்டு அங்கே இருந்தன.

"இது ஓட்டத்துக்கு நல்லம். ஏ9 வீதியில விட்டா பறக்கும்," என்றார் கடைக்காரர். "மற்றது வேகம் இராது. ஆனா கீழ் ஓட்டத்திலையே பிடிச்சு..."

"அதுதான் வேணும்," என்றார் என் கணவர். கடைக்காரர் வசனத்தை முடிக்கவில்லை.

எங்கள் ஓட்டமெல்லாம் நேரான தார் வீதியில்தான். முல்லைத்தீவுக்கு ஐஸ் கொண்டுபோய் மீன் ஏற்றி வருவது, ஆலைக்கு நெல், தம்புள்ளையிலிருந்து மரக்கறி. மீனும் மரக்கறியும் வேகத்தைத்தான் கேட்கும். வேகம் வேண்டாம் என்கிற லொறிக்காரனை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அந்தக் கேமின் புடைப்புகளை ஒவ்வொன்றாக அளந்தேன். புடைப்பின் அசைவை வாங்கி வால்வுக்குக் கடத்தும் புது டப்பட்டுகளை எடுத்து இரண்டு இரண்டாக முகத்தோடு முகம் வைத்து ஆட்டிப் பார்த்தேன். டப்பட்டின் முகம் மெல்லிசாகக் குவிந்திருக்க வேண்டும், அப்போதுதான் ஒன்றின் மேல் ஒன்று ஆடும். ஆடாவிட்டால் தேய்ந்த பழசைப் பொலிஷ் பண்ணி விற்கிறார்கள் என்று அர்த்தம்.

கடைக்காரருக்கு முகம் கறுத்தது. "என்னக்கா, என்னில நம்பிக்கை இல்லையோ?"

"உங்களில இருக்குத் தம்பி. டப்பட்டிலதான் இல்லை."

வால்வு ஸ்பிரிங்குகளையும் நிரையாக நிறுத்தி உயரம் பார்த்தேன். ஒன்று கட்டை. அதை மாற்றித் தந்தார். வரும் வழியில் என் கணவர் பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். சந்தோஷமாக இருந்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டிலுக்குள் லொறியை விட்டு வேலையைத் தொடங்கினோம். குசினிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை இருக்கிறது. ஒரு யன்னலும் ஒரு பழைய கட்டிலும் அதற்குள். கட்டிலில் பேப்பரை விரித்து, கழற்றிய சாமான்களை ஒழுங்காக அடுக்கினேன். ரேடியேற்றர் வெளியே வந்தது. முன்மூடி வந்தது. வால்வை அழுத்தும் ரொக்கர்களைக் கழற்றி, வால்வைத் தள்ளும் கம்பிகளை ஒரு மட்டைப் பெட்டியில் துளை போட்டு வந்த ஒழுங்கிலேயே குத்தி வைத்தேன். பழைய கேமை உருவும் வேலைக்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும். கோணலாக இழுத்தால் அது சுற்றும் வளையங்கள் கீறுப்பட்டுப் போகும். அவர் முன்னால் குந்தியிருந்து மெல்ல மெல்ல இழுக்க, நான் பக்கவாட்டுத் துவாரத்தால் கையை விட்டு அதைத் தாங்கிக்கொண்டேன்.

"பொறுங்கோ."

"ம்."

"இப்ப வாங்கோ."

அந்த வேலையில் எங்களுக்குள் ஒரு தரமும் பிசகியதில்லை. கையால் ஒருவரை ஒருவர் இவ்வளவு நம்புகிறோம், வாயால் முடியவில்லையே என்று எனக்குக் கவலையாக இருந்தது.

கேம் முழுவதும் வெளியே வந்த நேரம் அவருடைய போன் அடித்தது. எண்ணெய்க் கையோடு அதைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு அங்காலே போனார். வீட்டுக்குள் எடுக்க முடியாத கதை என்ன கதை? நான் கோழிக்குத் தீன் போடப் போகிற சாட்டில் பின்னால் போனேன். "மழைக்கு முன்ன வந்துருவேன். கட்டாயம்," என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். மலைநாட்டுப் பேச்சு. அவர் பிறந்தது தேயிலைத் தோட்டத்தில். கலவரத்துக்குப் பயந்து பெற்றோர் சின்னப் பிள்ளையாகத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு ஓடிவந்தவர்கள். இங்கே வளர்ந்து எங்களைப்போலத்தான் பேசுவார். அந்தப் பேச்சு அவரிடம் வருவது காய்ச்சலில் பிதற்றும்போது மட்டும்தான். மற்றபடி மலையில் அவருக்கு ஒருவரும் இல்லை. எங்களுடைய கலியாண எழுத்து நடந்த அன்றைக்கும் அவர் பக்கத்தில் ஒப்பம் வைக்க ஆளில்லாமல், அவரோடு லொறி ஓடிய ஒருவர்தான் வைத்தார்.

மழைக்கு முன்னம் அவசரப்படுகிறவர்கள் மரக்காரரும் மண்காரரும்தான். மழை வந்தால் காட்டுப் பாதை சேறாகும், ஆறு பெருகும். யாரோ மலைநாட்டு ஆட்களை வைத்து மரம் வெட்டுகிறார்கள், இவர் ஏற்றப் போகிறார் என்று எனக்குள்ளேயே வழக்கை எழுதி முடித்துவிட்டேன்.

லொறி சில்லுக்கு முண்டு கொடுத்து அசையாமல் நின்றது. அப்படி நிற்கிற லொறியை முழுதாகச் சோதிக்காமல் விடுகிறவள் நானில்லை. அவர் கடைக்குப் போயிருந்த ஒரு பின்னேரம் பின்சில்லைக் கழற்றி, பிரேக் ட்ரம்மை இழுத்தேன். உள்பக்கம் நீலம் பாரித்துக் கிடந்தது.

இரும்பு அப்படி நீலம் பாரிக்க வேண்டுமென்றால் மிகக் கடுமையாகச் சுட வேண்டும். எங்கள் ஊர் ஓட்டத்தில் அப்படிச் சுடாது. மாட்டுக்கும் நாய்க்கும் மிதிக்கிற பிரேக்கில் ட்ரம் இளஞ்சூடுதான் ஏறும். நெடும் இறக்கத்தில், பாரத்தோடோ பயத்தோடோ, மிதித்த காலை எடுக்காமல் இறங்கியிருந்தால்தான் இந்த நிறம் வரும். இறங்கியிருந்தால் முதலில் ஏறியிருக்க வேண்டும். அப்படியென்றால் தம்புள்ளை என்று சொல்லிப் போனவர் தம்புள்ளையோடு நிற்கவில்லை. மலைக்குப் போயிருக்கிறார், எனக்குச் சொல்லாமல்.

மரமும் மண்ணும் ஒரு நொடியில் என் மனதிலிருந்து விழுந்துவிட்டன. அவை இருந்த இடத்தில் ஒரு பெண் வந்து குந்திக்கொண்டாள். எனக்கு நெஞ்சு எரிந்தது. இந்த வயதில் இதற்கெல்லாம் எரியாது என்று நினைத்திருந்தேன், எரிந்தது. ட்ரம்மைத் துடைத்து, சில்லைப் பூட்டி, கையைக் கழுவிவிட்டு அவருக்குச் சோறு போட்டேன். மீன்குழம்பு நல்லாயிருக்கு என்றார்.

பிறகு சில நாட்கள் வால்வு அரைப்பதில் போயின. அரைக்கும் பசையைப் பூசி, வால்வின் தண்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மத்துக் கடைவதுபோல உருட்ட வேண்டும். மூளைக்கு வேலை இல்லாத வேலை அது, சந்தேகத்துக்கு நல்ல தீனி. போன் அடிக்கும் நேரம், அவர் சேட்டு மாற்றும் விதம், ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்தது எல்லாம் அந்த உருட்டலில் அரைபட்டன. கேமின் பற்சக்கரத்தைப் பூட்டும் நாளில் ஒரு நினைப்பு வந்தது. இரண்டு சக்கரத்திலும் புள்ளிகள் இருக்கும், அவற்றை நேருக்கு நேர் வைக்க வேண்டும். ஒரு பல்லுத் தள்ளி வைத்தால் போதும், அந்த லொறி மலையென்ன, எங்கள் வீட்டு வாசல் ஒழுங்கையைக்கூடத் தாண்டாது. அவருக்குக் காரணமும் தெரியாது. ஆனால் எஞ்சின் எனக்கு என்ன செய்தது? புள்ளியைப் புள்ளிக்கே வைத்துப் பூட்டினேன்.

புதுக் கேமை முதல் தரம் ஓட விடும்போது மெதுவாக விடக் கூடாது. புடைப்பும் டப்பட்டும் ஒன்றோடொன்று படிய வேண்டும், அதற்கு எண்ணெய் தெறிக்கத் தெறிக்க எஞ்சின் கொஞ்ச நேரம் உயர்ந்த ஓட்டத்தில் உறுமவேண்டும். உறுமியது. பக்கத்து வீட்டு மனுசி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"என்ன, லொறியைக் காட்டுக்கு விடப் போறியளோ?" என்று கத்தினா.

"ஓம். யானை பிடிக்க!" என்று நானும் கத்தினேன்.

அவா நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

இந்தப் பக்கத்தில் லொறியின் இழுவையைச் சோதிக்க ஒரே இடம்தான் உண்டு. குளக்கட்டு. வயல் பக்கத்திலிருந்து கட்டுக்கு ஏறும் சரிவுதான் எங்கள் மலை. ஆலைக்குப் போக வேண்டிய நெல்மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அடுத்த நாள் காலை அங்கே போனோம். நான் கதவுப் பக்கம் இருந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முன்பு அந்தச் சரிவில் பாதியில் கியரைக் குறைக்க வேண்டும், கரும்புகை கக்கும். அன்றைக்கு அது இரண்டாவது கியரில் முனகாமல் ஏறி, கட்டில் போய் நின்றது. எனக்குச் சந்தேகம் எல்லாம் மறந்து போய்விட்டது.

"பாத்தீங்களே! எப்பிடி ஏறுது!"

அவர் சிரித்தார். "இதெல்லாம் ஒரு ஏத்தமே?"

நான் கையை நீட்டி எஞ்சினை நிறுத்திச் சாவியை உருவினேன். குளத்தில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. இரண்டு பக்கமும் ஆளில்லை.

"பின்ன எது ஏத்தம்?"

அவர் கியரை ஆட்டிப் பார்த்தார்.

"பின் ட்ரம் நீலம் பாரிச்சுக் கிடக்கு. வன்னியில எங்க அப்பிடி இறங்கினனீங்கள்? ஆர் அவள்?"

"அக்கா," என்றார்.

"ஆரின்ர அக்கா?"

"என்ர அக்கா."

ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி, என்னைப் பார்க்காமல் அவர் சொன்னார். பெற்றோர் வன்னிக்கு ஓடிவரும்போது அக்கா அவர்களோடு இல்லை. எங்கோ ஒரு வீட்டில் விட்டிருந்தார்கள். பிறகு அவா தோட்டத்துக்கே திரும்பிப் போய், கொழுந்து பறித்து, கலியாணம் கட்டாமல், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறையில் தனியாக இருக்கிறா. இப்போது லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது. இந்த மழைக்குத் தாங்காது என்று எல்லாரையும் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் போய்விட்டார்கள். அக்கா தன் சாமான் இல்லாமல் அசைய மாட்டேன் என்கிறா. வாடகை லொறிக்காரன் ஒருவனும் அந்தப் பாதைக்கு வரமாட்டான். இவர் இரண்டு தரம் முயன்று, எங்கள் லொறி பாதி வழியில் செத்து, பிரேக் புகைய இறங்கி வந்திருக்கிறார்.

"மலையில ஆக்கள் இல்லை எண்டுதானே சொன்னனீங்கள்."

"எழுத்துக்கு முன்னம் உம்மட ஐயா கேட்டவர். மலையிலயிருந்து ஆக்கள் வந்து நிக்க மாட்டினம்தானே எண்டு. இல்லை எண்டனான். உம்மைத் தரமாட்டாரெண்டு பயம்."

"ஐயா செத்து எவ்வளவு காலம்! பிறகும் ஏன் சொல்லேல்லை?"

"பிறகு சொன்னா, ஏன் முதலே சொல்லேல்லை எண்டு கேப்பீர். வருசம் போகப் போக அந்தக் கேள்வி பெருத்துக்கொண்டு போச்சு."

அது நியாயம்தான். நான் கேட்டிருப்பேன். ஆனாலும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. அவருடைய பெட்டிச் சாவி முதற்கொண்டு என் பொக்கற்றில் வைத்திருந்தும், ஓர் ஆளையே என்னிடமிருந்து பூட்டி வைத்திருக்கிறார்! ஆலைக்குப் போய் நெல்லை இறக்கினோம், வீட்டுக்கு வந்தோம்.

உள்ளதைச் சொன்னால், நான் முழுதாக நம்பவும் இல்லை. அக்கா என்று சொன்னவளைக் கண்ணால் கண்டால்தான் அக்கா. எனவே நானும் வருகிறேன் என்றேன். பிரேக்குகளைப் புதிதாகப் போட்டேன். சின்ன அறைக் கட்டிலிலிருந்த பழைய கேமையும் ஸ்பிரிங்குகளையும் கொட்டிலுக்கு மாற்றி, கட்டிலைக் கழுவிக் காயவைத்தேன். குசினிக்குப் பக்கம் என்பதால் அவாவுக்கும் வசதி என்று நினைத்தேன். அடுப்பு வேலைக்கு இன்னொரு கை இருந்தால் எனக்கும் கொட்டிலில் நிற்க நேரம் கிடைக்கும் என்று கூடவே ஒரு நினைப்பு ஓடியது.

பதுளைப் பக்கம் ஏறத் தொடங்கியதும் கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சம தரையில் இவ்வளவு காலம் வாழ்ந்தவளுக்கு, லொறியின் மூக்கு வானத்தைப் பார்ப்பதும் ஒரு பக்கம் ஒன்றுமே இல்லாமல் இருப்பதும் பயங்கரம்தான். யன்னல் பக்கம் பார்க்காமல் எஞ்சினை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசித் துண்டு, தோட்டத்துப் பாதை. கல்லும் பள்ளமும், வளைவுக்கு மேல் வளைவு. அவர் முதலாவது கியரில் போட்டார். வால்வுகள் ஒரே சீராகத் தட்டிக்கொண்டு வந்தன. போன தடவை செத்த இடம் இதுதான் என்று காட்டினார். லொறி அந்த இடத்தைக் கவனிக்கவே இல்லை.

லயத்தின் பின்னால் மண் வாய் பிளந்து கிடந்தது. கை வைத்தால் முழங்கை மட்டும் போகும். வாசலில் ஒரு மெலிந்த மனுசி நின்றா. என் கணவரின் மூக்கு, அதே காது. அக்காதான். அந்த நிமிடத்தில் எனக்கு இறங்கிய பாரத்தைச் சொல்ல முடியாது. அலுமாரியும் தையல் மெசினும் அம்மியும் துணிப் பொட்டளிகளும் கயிறு கட்டித் தயாராக இருந்தன. ஆனால் மச்சாள் படியை விட்டு இறங்கி வரவில்லை. என் கையைப் பார்த்தா. நகத்துக்குள் எண்ணெய்க் கறுப்பு.

"தம்பி சொல்லுச்சு. நீங்கதான் லொறிய செஞ்சீங்களாம்."

"ஓம்."

"என்னைய எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?"

"இஞ்ச இருக்கேலாதுதானே. மலை விழப்போகுது."

"அது எனக்குத் தெரியுங்க. நீங்க எதுக்குக் கூப்புடுறீங்கன்னு கேட்டேன்." குரலில் சண்டை இல்லை, ஒரு சாமானை வாங்கமுன் கேட்பதுபோலக் கேட்டா. "சின்னப் புள்ளையில ஒங்க ஊருப் பக்கம் ஒரு வீட்டுக்குத்தான் அனுப்புனாங்க. படிக்க வைக்கிறோம்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாங்க. ஒரு துணிப்பையோட போனேன். அடுப்படியிலதான் படுக்கை. கதவு இல்ல. யாரு வேணும்னாலும் வருவாங்க, போவாங்க. ஓடி வந்தப்ப அந்தப் பையும் இல்ல. எனக்கு எங்க படுக்கக் குடுப்பீங்க?"

என் கணவர் "அக்கா, அப்பிடிக் கேக்காத" என்று முனகினார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஒரு எஞ்சினின் குடலை உருவிப் பூட்டி, உயிரைக் கையில் பிடித்து மலை ஏறி வந்தால், என்னையா வேலைக்கு ஆள் பிடிக்க வந்தவள் என்கிறா? வாயைத் திறந்தேன். கழுவிக் காயவைத்த கட்டில் ஞாபகம் வந்தது. அடுப்புக்கு இன்னொரு கை என்று ஓடிய நினைப்பும் ஞாபகம் வந்தது. வாயை மூடினேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஒரு அறை இருக்கு," என்றேன்.

"அடுப்படிக்குப் பக்கத்துலயா?"

பொய் சொல்லலாம். சொன்னால் இந்த மனுசி வீட்டுக்கு வந்தவுடன் கண்டுபிடிக்கும். "ஓம்."

"கதவு இருக்கா?"

"இருக்கு."

"பூட்டு?"

"இல்லை. வழியில வாங்குவம். நீங்களே பாத்து வாங்குங்கோ."

மச்சாள் படியிறங்கி வந்து, அலுமாரியின் ஒரு கரையைப் பிடித்தா. "அப்ப தூக்குங்க."

மச்சாள் லொறியின் முன்னிருக்கையில், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து வந்தா. கீழே டவுனில் ஒரு இரும்புக் கடையில் நிறுத்தினோம். மச்சாள் பூட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திறந்தா, பூட்டினா, இழுத்துப் பார்த்தா, காதுக்குக் கிட்ட வைத்து ஆட்டினா. கடைக்காரருக்குப் பொறுமை போனது. நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ காலமாக என்னைப்போல ஒரு மனிதரை நான் கண்டதில்லை. மனதுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது.

வீட்டுக்கு வந்து சாமான் இறக்கும்போது பக்கத்து வீட்டு மனுசியின் தலை வேலிக்கு மேலே வந்தது. ஏறிய மலையும் இறங்கிய மலையும் அவாவுக்குத் தெரியாது. மச்சாள் தோட்டத்து ஆட்களைப்போலச் சேலை கட்டியிருந்ததைத்தான் பார்த்தா.

"ஆர் இது? வேலைக்கு ஆள் கொண்டு வந்திட்டியளோ?"

மச்சாள் தையல் மெசினைப் பிடித்தபடி நின்றா. திரும்பவில்லை. என் பதிலுக்குக் காது கொடுத்துக்கொண்டு நின்றா என்று அந்த முதுகைப் பார்க்கத் தெரிந்தது.

"இல்லை. இவரின்ர அக்கா. இஞ்சதான் இருக்கப் போறா. இது அவான்ர வீடு," என்றேன். வேலிக்குக் கேட்க வேண்டியதைவிடச் சத்தமாகத்தான் சொன்னேன்.

என் கணவர் கதவில் கொண்டி அடித்தார். மச்சாள் அலுமாரியைச் சுவரோடு வைத்து, யன்னலைத் திறந்து மூடிப் பார்த்து, கட்டிலை ஆட்டிப் பார்த்தா. பூட்டைக் கொண்டியில் மாட்டி, சாவியை ஒரு நூலில் கோத்துக் கழுத்தில் போட்டா. பிறகு என் பக்கம் திரும்பி, கையை நீட்டினா.

"இன்னொன்னு?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கடையில் பூட்டுக்குக் காசு கொடுக்கும்போது, என் கை தன்பாட்டில் பெட்டிக்குள்ளிருந்த மற்றச் சாவியை எடுத்து வளையத்தில் கோத்திருக்கிறது. பழக்கம். அவா அதைப் பார்த்திருக்கிறா. பார்த்தும் மலையிலிருந்து மாங்குளம் மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வந்திருக்கிறா.

பொக்கற்றிலிருந்து வளையத்தை எடுத்தேன். என் கணவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். அந்த வளையத்திலிருந்து இதுவரை எந்தச் சாவியையும் நான் கழற்றியதில்லை. இரும்பு இறுகிக் கிடந்தது, எண்ணெய் நகம் வழுக்கியது. மச்சாள் நீட்டிய கையை மடக்காமல் நின்றா. கடைசியில் கழன்றது. கொடுத்தேன்.

அவா அதை வாங்கிக் கழுத்தில் போடவில்லை. பூட்டுக்குள் விட்டுத் திருப்பினா. திறந்தது. பூட்டினா. இன்னொரு தரம் திறந்தா. அது அந்தப் பூட்டின் சாவிதான் என்று நிச்சயப்பட்ட பிறகுதான் நூலில் கோத்தா.

நானென்றாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.